பின் விளக்குப் பல்பை வீட்டிலேயே மாற்றுவது: சில வருட அனுபவம்

காரின் பின் விளக்குப் பல்புகளைச் சில வருடங்களாக நானேதான் மாற்றிவருகிறேன். வண்டி பத்து வயது தாண்டிய சின்ன ஹேட்ச்பேக். இருப்பது சென்னையில், உப்புக்காற்று எட்டுகிற தூரத்தில். பல்பு பியூஸ் போவது எப்போதாவதுதான். அதைவிட அதிகம் படுத்துவது பல்பு உட்காருகிற ஹோல்டர். இது புரிந்த பிறகு இந்த வேலைக்காக நான் மெக்கானிக் கடைக்குப் போனதில்லை.

கழற்றுவது எளிது. டிக்கி கதவைத் திறந்தால் விளக்கின் உட்பக்க ஓரத்தில் இரண்டு ஸ்குரு தெரியும். அவற்றை எடுத்துவிட்டு, விளக்கை இரண்டு கையாலும் பிடித்து நேராகப் பின்பக்கம் இழுக்க வேண்டும். வெளிப்பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் முளை பாடிக்குள் செருகியிருக்கும். பக்கவாட்டில் நெம்பினால் முதலில் உடைவது அதுதான். ஸ்குரு டிரைவரை இடுக்கில் விட்டு நெம்பினால் பெயிண்டும் போகும். பல செடான்களில் இந்த வம்பே இல்லை, டிக்கிக்குள் இருக்கும் கார்ப்பெட் மூடியை விலக்கினாலே ஹோல்டர் கைக்குச் சிக்கிவிடும்.

பல்பு வாங்கும்போதுதான் கவனம் வேண்டும். கடைக்காரர் "எந்த வண்டி சார்?" என்றுதான் கேட்பார். வண்டி பெயரைச் சொல்லி வாங்குவதைவிட பழைய பல்பைக் கையோடு எடுத்துப் போவது நல்லது. பிரேக் லைட்டும் இரவில் தொடர்ந்து எரியும் டெயில் லைட்டும் சேர்ந்திருக்கும் பல்பு பெரும்பாலும் பி21/5டபிள்யூ வகை. உள்ளே இரண்டு இழைகள்: பிரேக்குக்கு 21 வாட், டெயிலுக்கு 5 வாட். அடியில் ஈயப் புள்ளியும் இரண்டு இருக்கும். ஒற்றைப் புள்ளி உள்ளது பி21டபிள்யூ, ரிவர்ஸ் விளக்கில் பார்க்கலாம். இண்டிகேட்டரின் கண்ணாடி வெள்ளையாக இருந்தால் பல்பே ஆரஞ்சு நிறத்தில் இருக்க வேண்டும், அது பிஒய்21டபிள்யூ. நம்பர் பிளேட்டுக்கு மேலே இருப்பது பெரும்பாலும் 5 வாட் கண்ணாடிப் பல்பு, திருக வேண்டியதில்லை, நேராக இழுத்தால் வந்துவிடும். உங்கள் வண்டியில் எது என்பது ஓனர்ஸ் மேனுவலின் கடைசிப் பக்கங்களில் இருக்கும். பல்பின் உலோக அடியிலும் பொறித்திருப்பார்கள்.

இரட்டை இழைப் பல்பின் பக்கவாட்டு முளைகள் இரண்டும் ஒரே உயரத்தில் இருக்காது. தலைகீழாகப் போட்டுவிடக் கூடாது என்பதற்காகத்தான் அந்த ஏற்பாடு. ஹோல்டர் தேய்ந்து தொளதொளத்திருந்தால் அழுத்தித் திருகி மாற்றியும் போட்டுவிட முடியும். அப்படிப் போட்டால் லைட் போட்டவுடன் பளீரென்று எரியும், பிரேக்கை மிதித்தால் மங்கலாகத் தெரியும். சாலையில் இப்படி ஓடும் வண்டிகளை நானே பார்த்திருக்கிறேன். பின்னால் வருகிறவருக்கு நீங்கள் பிரேக் பிடிப்பதே தெரியாது.

பல்பைக் கையால் தொடக்கூடாது என்று வீடியோக்களில் சொல்வார்கள். அது முன் விளக்கின் ஹாலஜன் பல்புக்கான எச்சரிக்கை. பின்பக்கத்துச் சாதாரண பல்பு அந்த அளவுக்குச் சூடேறாது. நான் துணியால் துடைத்துவிட்டுப் போடுவேன், அவ்வளவுதான்.

இனி ஹோல்டர் கதை. பல்பைக் கழற்றியதும் இழை அறுந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கண்ணாடிக்குள் கறுப்புப் படிந்திருந்தால் அதன் காலம் முடிந்தது, டங்ஸ்டன் ஆவியாகி ஒட்டியிருக்கிறது. பாலாடை போல வெள்ளை பூத்திருந்தால் உள்ளே காற்று புகுந்துவிட்டது. இரண்டும் இல்லாமல் இழையும் முழுசாக இருந்தால் புதுப் பல்பு வாங்க ஓட வேண்டாம். பச்சை பூத்த பித்தளைத் தகடும் துரு ஏறிய அடியும்தான் அங்கே காரணமாக இருக்கும். லைட்டை அணைத்துவிட்டு, மென்மையான உப்புத்தாளை மடித்து லேசாகத் தேய்ப்பேன். அமுங்கிப்போன தகட்டைச் சற்றே நிமிர்த்திவிடுவேன். பிறகு துளி வாசலின். இதிலேயே உயிர் வந்த விளக்குகள் உண்டு. ஹோல்டர் பிளாஸ்டிக் உருகிப் பழுத்திருந்தால் மட்டும் தேய்த்துப் பயனில்லை, புதிதாக மாற்றியாக வேண்டும்.

இதைவிடக் குழப்புவது எர்த், அதாவது கரண்ட் பாடி வழியாகத் திரும்பும் இணைப்பில் வரும் கோளாறு. பிரேக் மிதித்தால் இண்டிகேட்டர் மங்கலாக எரியும். இண்டிகேட்டர் போட்டால் டெயில் லைட் சேர்ந்து துடிக்கும். எர்த் வயர் துருப்பிடித்து வழி அடைபட்டதும் கரண்ட் பக்கத்துப் பல்புகளின் இழை வழியாகச் சுற்றித் திரும்பப் பார்க்கிறது. இந்த அறிகுறிக்கு எத்தனை பல்பு மாற்றினாலும் தீராது. விளக்குக் கொத்துக்கு வரும் கறுப்பு வயர் பாடியில் எங்கே போல்ட் போட்டு முறுக்கியிருக்கிறது என்று தேடி, கழற்றி, துருவைச் சுரண்டி மறுபடி இறுக்க வேண்டும். சில வண்டிகளில் எர்த் வயரின் நிறம் வேறாக இருக்கலாம்.

நடுவில் எல்.இ.டி. பல்பும் போட்டுப் பார்த்தேன். ஆதாயம் ஒன்று உண்டு, மறுக்க முடியாது. இழை சூடேறி முழு வெளிச்சம் தர ஏறத்தாழ 0.2 விநாடி ஆகும், எல்.இ.டி. தொட்டவுடன் எரியும். 80 கிலோமீட்டர் வேகத்தில் வருகிற வண்டி அந்த 0.2 விநாடியில் நாலு மீட்டருக்கு மேல் ஓடிவிடும். அப்படியும் நான் பழைய பல்புக்கே திரும்பினேன். விளக்கின் உள்ளே இருக்கும் பிரதிபலிப்பான் எல்லாப் பக்கமும் ஒளி பரப்பும் ஒரு சின்ன இழையை மனதில் வைத்துச் செய்தது. எல்.இ.டி.யில் ஒளி புறப்படும் இடமே வேறு என்பதால் நடுவில் ஒரு புள்ளி பளிச்சிட, ஓரமெல்லாம் இருட்டாகத் தெரிந்தது. வெள்ளை எல்.இ.டி.யைச் சிவப்புக் கண்ணாடிக்குப் பின்னால் வைப்பது அதைவிட மோசம், அந்த ஒளியில் சிவப்புப் பங்கு குறைவு. கட்டாயம் எல்.இ.டி.தான் வேண்டும் என்பவர்கள் சிவப்பு நிறத்திலேயே வாங்க வேண்டும். இண்டிகேட்டரில் போட்டால் டிக்டிக் சத்தம் இரட்டை வேகத்தில் ஓட ஆரம்பிக்கும். 21 வாட் பல்பு 12 வோல்ட்டில் 1.75 ஆம்பியர் இழுக்கும், எல்.இ.டி. அதில் சிறு பங்குதான் இழுக்கும். பல்பு போய்விட்டது என்று இண்டிகேட்டரைத் துடிக்க வைக்கும் ரிலே நினைத்துக்கொள்கிறது. அதைச் சமாளிக்க, கூடுதல் கரண்ட் இழுக்கும் ரெசிஸ்டர் வைத்தால் அது கொதிக்கும். போதுமடா என்று ஆகிவிட்டது. சாதாரண பல்பு நூறு ரூபாய்க்குள் முடிகிறது.

ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பின் விளக்கின் உள்ளே பனி படிவதைப் பார்த்துப் பதற வேண்டாம். லைட்டைப் போட்டுக் கொஞ்ச நேரம் ஓட்டினால் மறையும் ஈரம் சாதாரணமானது. அடியில் தண்ணீர் தேங்கி ஆடினால்தான் தண்ணீர் புகாமல் தடுக்கும் கேஸ்கட் போயிருக்கிறது என்று அர்த்தம். சிலர் சிலிகானை எடுத்து சுற்றிலும் பூசிவிடுகிறார்கள். ஈரம் வெளியேற விளக்கில் சிறு துவாரம் விட்டிருப்பார்கள், அதையும் சேர்த்து அடைத்தால் உள்ளே போன தண்ணீர் அங்கேயே குடியிருக்கும்.

சோதிக்க ஆள் இல்லையென்றால் இருட்டியதும் சுவரோரமாக ரிவர்ஸில் நிறுத்திப் பிரேக்கை மிதியுங்கள், பின்பக்கம் பார்க்கும் கண்ணாடியில் இரண்டு பக்கச் சிவப்பும் தெரியும். மேலே இருக்கும் மூன்றாவது விளக்கு உட்பட எல்லாம் ஒரே நேரத்தில் அணைந்திருந்தால் ஸ்குருவில் கை வைக்க வேண்டாம். மூன்று பல்பும் சேர்ந்து போவது அபூர்வம். பியூஸையும் பெடலுக்கு மேலே இருக்கும் பிரேக் சுவிட்சையும் முதலில் பாருங்கள்.

இதெல்லாம் பல்பு மாற்றக்கூடிய விளக்குகளுக்கு. புது மாடல்கள் பலவற்றில் எல்.இ.டி.யை உள்ளே வைத்தே மூடிவிடுகிறார்கள். அதில் ஒரு பட்டை அணைந்தாலும் பெரும்பாலும் முழு விளக்கையும் வாங்க வேண்டியதுதான். பழைய வண்டி வாங்கப் போகிறவர்கள் அந்த மாடலின் பின் விளக்கு என்ன விலை என்று சென்னையில் வண்டி உதிரிபாகக் கடைகள் நிறைந்த ஜி.பி. ரோடு பக்கம் ஒரு கடையில் விசாரித்துவிட்டுப் பேரத்தில் உட்காருங்கள்.