மூன்று வருடம், ஏழு நோட்டுகள்: நானே தைத்த ஓவிய நாட்குறிப்பு

கடையில் ஆசைப்பட்டு வாங்கிய ஓவிய நோட்டு ஒன்று ஒரு வருடம் முழுக்க வெறுமையாகக் கிடந்தது. தாள் அருமை, அட்டை அருமை, விலையும் அதிகம். அதனாலேயே முதல் பக்கத்தில் கோடு இழுக்கக் கை வரவில்லை. அந்த நேரத்தில்தான் மிச்சத் தாள்களை மடித்து வீட்டில் ஒரு நோட்டு தைத்தேன். அது ஆறே வாரத்தில் நிரம்பியது. ஒரு பக்கம் கெட்டால் இன்னொரு நோட்டு தைத்துக்கொள்ளலாம் என்ற தைரியம்தான் காரணம். இப்போது ஏழாவது நோட்டு பையில் இருக்கிறது.

வீடு திருப்பரங்குன்றம். வேலை மதுரை டவுனில், ஒரு கடையில் கணக்கு எழுதுவது. வரைய எனக்குக் கிடைப்பது மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பதினைந்து நிமிடம். அதற்கு ஏற்ற நோட்டாக இது அமைய இரண்டு முறை தோற்க வேண்டியிருந்தது.

இரண்டாவது நோட்டில் ஏ4 கார்ட்ரிட்ஜ் தாளை (தடிமனான ஓவியத் தாள்) பாதியாக மடித்துத் தைத்தேன். வண்ணம் பூசியதும் பக்கங்கள் அலை அலையாகப் புடைத்தன, நோட்டு விரித்தபடி நிற்கவில்லை. டவுனில் எங்கள் கடைக்கு இரண்டு கடை தள்ளி வயதான பைண்டர் ஒருவர் இருக்கிறார். கையில் வாங்கிப் பார்த்தவர், "நாரு ஓடுற வாக்குல மடிக்கணும் தாயி. குறுக்க மடிச்சா முறுக்கிக்கிட்டுத்தான் நிக்கும்" என்றார்.

தாளுக்குள் நார்கள் பெரும்பாலும் ஒரே பக்கமாகப் படுத்திருக்கும். ஈரம் பட்டால் நீளவாக்கில் அதிகம் மாறாமல் அகலவாக்கில் உப்பும். அதனால் நோட்டின் முதுகும் நாரும் ஒரே திசையில் இருக்க வேண்டும். நான் வாங்கும் ஏ4 தாளில் நார் நீளவாக்கில் ஓடுகிறது. அதைப் பாதியாக மடித்தால் மடிப்பு நாருக்குக் குறுக்கே விழும். இப்போது அதைப்போலவே நார் நீளவாக்கில் ஓடும் ஏ3 தாள் வாங்கி ஏ4 அளவில் இரண்டாக வெட்டி, பிறகு மடிக்கிறேன். அப்போது நார் குறுகிய பக்கமாக ஓடும், மடிப்பும் அதே திசையில் விழும். சந்தேகம் வந்தால் தாளை மடிக்காமல் நீளவாக்கிலும் அகலவாக்கிலும் மெதுவாக வளைத்துப் பாருங்கள். எந்தப் பக்கம் எளிதாக வளைகிறதோ அதுதான் மடிக்கும் பக்கம். இந்த ஒன்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

என் கணக்கு இதுதான்: நான்கு தாள் சேர்த்து மடித்தால் 16 பக்கம், ஒரு பாரம். ஐந்து பாரம், 80 பக்கம். தாள் 140 ஜிஎஸ்எம், அதாவது ஒரு சதுர மீட்டர் தாளின் எடை 140 கிராம். ஏ4 அளவில் 20 தாளும் சேர்ந்து 175 கிராம்தான், தோளில் தெரியாது. 300 ஜிஎஸ்எம் தாளில் ஒரு நோட்டு தைத்தேன். வண்ணத்துக்குச் சொர்க்கம், மடிப்பில் வெடித்தது. தினமும் தூக்கிப் போக 140 போதும்.

தையலுக்கு எகிப்தின் கோப்திக் கிறிஸ்தவர்கள் பழங்காலத்தில் பயன்படுத்திய சங்கிலித் தையல். முதுகில் பசை கிடையாது, நூல் வெளியே தெரியும். பலன், நோட்டு எந்தப் பக்கத்திலும் தட்டையாக விரியும், இரண்டு பக்கத்தையும் ஒரே படமாக வரையலாம். குத்தூசியால் துளை போட்டு, நூலை மெழுகுவர்த்தியில் இரண்டு தடவை இழுத்துவிட்டுத் தைத்தால் முடிச்சு நழுவாது.

அட்டைக்கு அம்மாவின் பழைய சுங்குடிச் சேலை. சாயம் ஒட்டாமல் இருக்க முதலில் நன்றாக அலசிக் காயவைக்க வேண்டும். மெல்லிய துணியில் பசை நேரடியாகப் பட்டால் மேலே கறையாகத் தெரியும், அதனால் பின்பக்கம் டிஷ்யூ தாள் ஒட்டிக்கொள்கிறேன். மைதாப் பசை காய்ச்சி ஒட்டிய மூன்றாவது நோட்டின் ஓரத்தை வெள்ளியாக மின்னி ஓடும் புத்தகப் பூச்சி அரித்துவிட்டது. பைண்டர்கள் பசையில் மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) சேர்ப்பது இதற்குத்தான். அது விஷம், வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருப்பதால் நான் ஃபெவிகாலுக்கு மாறிவிட்டேன்.

உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டால், பஸ் டிக்கெட், வாசல் கோலத்தின் புள்ளிக் கணக்கு, ஒத்தக்கடைப் பக்கமிருந்து பார்த்த யானைமலை. மஞ்சள் கரைத்துப் பூசிய பக்கங்களும் உண்டு. மூடி வைத்த நோட்டில் அந்த நிறம் நிற்கிறது, கிழித்து ஜன்னலோரம் ஒட்டிய ஒரு பக்கம் சில வாரத்தில் வெளுத்துப்போனது. மல்லிகைப் பூவை வைத்து அழுத்தினால் பழுப்புக் கறைதான் மிஞ்சும். அந்தக் கறையும் எனக்குப் பிடித்திருக்கிறது, தேதி போட்டு வைத்திருக்கிறேன்.

ஐந்தாவது நோட்டில் ஒரு பக்கத்தை அடிக்கடி திறந்து பார்ப்பேன். அழகர் ஆற்றில் இறங்கிய காலை, கூட்டத்தில் நின்றபடி எனக்கு முன்னால் இருந்த பெண்ணின் கையை வரைந்துகொண்டிருந்தேன். சர்க்கரை நிரப்பிய செம்பு, அதன் வாயை மூடிய வாழையிலை, மேலே எரியும் சூடம். யாரோ துருத்தி என்ற தோல் பையிலிருந்து பீய்ச்சிய தண்ணீர் பக்கத்தில் விழுந்தது. விரல்கள் இருந்த இடத்தில் மை நீலமாகக் கரைந்து இலை வரைக்கும் ஓடிவிட்டது. செம்பு மட்டும் தப்பியது. அன்றைக்கே தண்ணீரில் கரையாத மைக்கு மாறினேன், ஆனால் அந்தப் பக்கத்தை மறுபடி வரையவில்லை.

குறை என்றால் ஒன்றுதான்: டிக்கெட்டும் துணியும் ஒட்ட ஒட்ட நோட்டு வாய் பிளந்துகொள்ளும். அதற்கு ஒரு வழி கண்டேன். ஒவ்வொரு பாரத்திலும் ஓரிரு பக்கங்களை முதுகிலிருந்து ஒரு விரல் அகலம் விட்டு வெட்டிவிட்டால் ஒட்டுவதற்கு இடம் கிடைக்கும்.

எட்டாவது நோட்டுக்கான பாரங்கள் இப்போது அம்மிக்கல்லுக்கு அடியில் அழுந்திக்கொண்டிருக்கின்றன. இந்தத் தடவை ஒரு பாரம் கூடுதலாக, பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு. அவள்தான் துளை போடுவேன் என்று சொல்லியிருக்கிறாள்.