கண் இமை அறுவைச் சிகிச்சைக்கு முன்பணம் கட்டுவதற்கு முன்

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியின் செக்கிங் பிரிவில் பத்தொன்பது ஆண்டுகளாக மேற்பார்வையாளராக இருக்கிறேன். வயது 53. சென்ற தை மாதம் மகனுக்குத் திருமணம். நாள் குறித்த நாளிலிருந்தே, இடது கண்ணின் மேலிமை தொங்கிப்போயிருப்பது நிழற்படங்களில் தெரியுமே என்ற குறை மனத்தில் இருந்தது. அப்போதுதான் கோவையில் உள்ள ஓர் அழகியல் சிகிச்சை மையத்தின் விளம்பரம் கைப்பேசியில் வந்தது. புகார் விசாரணையில் இருப்பதால் அதன் பெயரை இங்கே எழுதவில்லை.

அங்கே என்னிடம் முக்கால் மணி நேரம் பேசியவர் மருத்துவர் அல்லர், ஆலோசகர். "லேசருங்க, கத்தியே படாது, தழும்பும் வராது. மூணே நாள்ல கல்யாண வேலையப் பாக்கலாம்" என்றார். கண்ணைச் சுற்றியுள்ள கருவளையமும் ஓரச் சுருக்கங்களும் சேர்ந்தே போய்விடும் என்றும், பணத்தைப் பிறகு காப்பீட்டில் வாங்கிக்கொள்ளலாம் என்றும் சொன்னார். இவற்றில் ஒன்றுகூட உண்மையில்லை என்பது 45,000 ரூபாய் கட்டி, இரண்டு மேலிமைகளிலும் தோலை வெட்டிக்கொண்ட பிறகே எனக்குத் தெரிந்தது.

லேசர் என்பதும் வெட்டும் கருவிதான். தழும்பு இமையின் இயல்பான மடிப்புக்குள் மறைந்து போகலாமே தவிர, இல்லாமல் போகாது. தையல் பிரிக்கவே ஐந்து முதல் ஏழு நாள் ஆகும். வீக்கமும் கன்றலும் வடிய ஏறத்தாழ இரண்டு வாரம், இமை தன் வடிவத்துக்கு வர மாதக்கணக்கு. திருமணத்துக்குப் பத்து நாள் முன்பு இதைச் செய்துகொள்ளச் சொன்னவர்கள் இந்தக் கணக்கை அறியாதவர்களாக இருக்க முடியாது. மேடையில் மகள் தன் அண்ணனுக்கு இணைச்சீர் செய்தபோது, கறுப்புக் கண்ணாடியைக் கழற்ற முடியாமல் ஓரமாக நின்றேன். வந்த உறவினர் ஒவ்வொருவருக்கும் காரணம் சொல்ல வேண்டியிருந்தது.

அந்த வருத்தம் ஒரு நாளோடு போயிருக்கும். நான் எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் அதற்குப் பின் நடந்ததுதான். வீக்கம் முழுவதும் வடிந்த பிறகும் இடது இமை முன்பு போலவே தொங்கியது. வலது கண்ணோ தூக்கத்தில் மூடவில்லை. "அம்மா, நீங்க தூங்கறப்ப வெள்ள முழி தெரியுதுங்க" என்று மகள்தான் முதலில் கண்டாள். காலையில் கண்ணுக்குள் மணல் கொட்டியது போல உறுத்தும். பஞ்சுத் தூசி பறக்கும் கூடத்தில், வெள்ளைத் துணியில் ஊசித்துளை தேடி நாள் முழுவதும் பார்க்க வேண்டிய எனக்கு, மதியத்துக்குமேல் தையல் வரிசையே கலங்கலாகத் தெரிந்தது.

பிறகு போன கண் மருத்துவமனையில், இமை அறுவைச் சிகிச்சையையே சிறப்புப் படிப்பாகப் படித்த மருத்துவர் முதலில் எடுத்தது ஓர் அளவுகோலை. என் புருவத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, கீழே பார்க்கச் சொல்லி, பிறகு மேலே பார்க்கச் சொல்லி, இமை எத்தனை மில்லிமீட்டர் நகர்கிறது என்று குறித்தார். கீழிமைக்குள் ஒரு காகிதப் பட்டையை ஐந்து நிமிடம் வைத்து, கண்ணீர் எவ்வளவு தூரம் ஊறுகிறது என்று பார்த்தார். ஊறியது நான்கு மில்லிமீட்டர். பத்துக்குமேல் இருந்தால் இயல்பு என்றார்.

"இடது கண்ணுல தோல் மட்டும் தொங்கலீங்கம்மா. இமையத் தூக்கற தசையோட பிடிமானமே தளந்திருக்குது. அதச் சரி பண்ணாம எவ்வளவு தோல வெட்டினாலும் இமை மேல ஏறாதுங்க" என்று அவர் விளக்கியபோதுதான், தொங்கும் இமை எல்லாம் ஒரே நோய் என்று நான் நம்பியிருந்தது புரிந்தது. தோல் மிகுந்து தொங்குவது வேறு, தசை தளர்ந்து இமையே இறங்குவது வேறு, புருவம் தாழ்ந்து இமையை அழுத்துவது வேறு. மூன்றாவது வகையில் தோலை மட்டும் வெட்டினால் புருவம் இன்னும் கீழே இறங்கும். திடீரென ஒரு பக்க இமை இறங்கினால் நரம்புக் கோளாறாகக்கூட இருக்கலாம். அதை எந்த அழகியல் மையத்திலும் காட்டக் கூடாது.

இமை மூடுவதற்குப் புருவத்துக்கும் இமை மயிர் வரிசைக்கும் இடையில் ஏறத்தாழ 20 மில்லிமீட்டர் தோலாவது மிஞ்ச வேண்டுமாம். என் வலது கண்ணில் அந்த அளவு மிஞ்சவில்லை. ஏற்கெனவே கண்ணீர் குறைந்திருந்த கண்ணில் இப்படி வெட்டியதால் வறட்சி இரட்டிப்பாகியது. ஐந்து நிமிடக் காகிதப் பட்டைச் சோதனையை முன்பே செய்திருந்தால், குறைவாக வெட்டவோ, வெட்டாமலே விடவோ முடிவெடுத்திருக்கலாம். கருவளையம் தோலின் நிறத்தாலும் அதன் அடியில் தெரியும் ரத்த நாளங்களாலும் வருவது. மேலிமையை வெட்டுவதால் அது மாறாது. ஓரச் சுருக்கங்களும் அப்படியே இருக்கின்றன.

இன்னொன்றை நினைத்தால் இப்போதும் அச்சமாக இருக்கிறது. அறுவை நடந்த அன்று என் பக்கத்தில் காத்திருந்த பெரியவர், இதயத்துக்காக, ரத்தம் உறைவதைத் தடுக்கும் ஆஸ்பிரின் சாப்பிடுவதாகப் பேச்சுவாக்கில் சொன்னார். மையத்தில் அவரிடமும் சரி, என்னிடமும் சரி, என்ன மாத்திரை சாப்பிடுகிறோம் என்று யாரும் கேட்கவில்லை. அரிதாக, இந்தச் சிகிச்சைக்குப் பின் கண்ணுக்குப் பின்னால் ரத்தம் கசிந்து தேங்கினால், சில மணி நேரத்துக்குள் பார்வையே போய்விடக்கூடும். கடும் வலியோ பார்வை மங்கலோ வந்தால் நள்ளிரவிலும் அழைக்க ஓர் எண் வேண்டும். எனக்குத் தந்த எண் மாலை ஆறு மணிக்குமேல் எடுக்கப்படவில்லை.

காப்பீட்டு நிறுவனம் பணம் தர மறுத்துவிட்டது. அழகுக்கான அறுவைச் சிகிச்சைகள் பொதுவாகக் காப்பீட்டுக்குள் வருவதில்லை. இமை பார்வையை மறைக்கிறது என்று பரிசோதனைச் சான்று இருந்தால்தான் கேட்கவாவது வழியுண்டு. என் ரசீதிலோ 'தோல் பராமரிப்பு' என்றுதான் எழுதியிருக்கிறது. ஒப்புதல் படிவத்தில் அறுவை செய்பவரின் பெயருக்கான இடம் வெற்றாக இருந்ததை, நான் கையெழுத்திடும்போது பார்த்தும் கேட்காமல் விட்டேன். அந்தப் பெயரைக் கேட்டு, தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலின் பதிவேட்டில் தேடிப் பார்த்துவிட்டு, பிறகு பணம் கட்டுங்கள்.

கட்டணம் பெற்றுச் செய்யும் மருத்துவம் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995இலேயே தீர்ப்பளித்திருக்கிறது. 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட ஆணையத்தில் முறையிட வேண்டும், நான் முறையிட்டுவிட்டேன். வலது கண்ணுக்கு ஆறு மாதம் பொறுத்துத்தான் மறு சிகிச்சை பற்றி முடிவெடுக்க முடியும் என்பதால், இரவில் களிம்பு தடவி, இமையை மெல்லிய பிளாஸ்திரியால் ஒட்டிவிட்டுத் தூங்குகிறேன். நோயாளி கேட்டால் சிகிச்சைக் குறிப்புகளை 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு விதிமுறைகள் சொல்கின்றன. நான் பதிவுத் தபாலில் அனுப்பிய கடிதம் மையத்துக்குக் கிடைத்ததற்கான ஒப்புகை அட்டை கையில் இருக்கிறது. இன்று பதினொன்றாம் நாள்; குறிப்புகள் இன்னும் வரவில்லை.