கடைசி வெள்ளிக்கிழமைகள்: மனிதவள மன்றக் கூட்டங்களில் பதினோரு ஆண்டுகள்

கோயம்புத்தூரில் பம்ப் உதிரிபாகங்கள் செய்யும் நடுத்தரத் தொழிற்சாலை ஒன்றில் மனிதவளப் பிரிவைக் கவனித்து வரும் நான், 2014ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து இந்நகரத்து மனிதவள அலுவலர்கள் மன்றம் ஒன்றின் மாதக் கூட்டங்களுக்குச் சென்று வருகிறேன். மாதத்தின் கடைசி வெள்ளிக்கிழமை மாலை ஆறரை மணிக்கு அவிநாசி சாலையிலுள்ள ஓட்டலின் சிறு அரங்கில் கூட்டம் கூடும். ஒரு சிறப்புரை, சில கேள்விகள், அதன்பின் இரவுச் சிற்றுண்டி. தேசியப் பணியாளர் மேலாண்மை நிறுவனம் போன்ற நாடளாவிய அமைப்பின் கிளை அன்று இது, உள்ளூரிலேயே முளைத்தது. இதில் சேரலாமா என்று துறைக்குப் புதிதாக வந்தவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பதால், கண்டதையும் பட்டதையும் எழுதி வைக்கிறேன்.

முதல் இரண்டு ஆண்டுகள் எனக்கு ஏமாற்றமே மிஞ்சியது. தலைமைப் பண்பு, மகிழ்ச்சியான பணியிடம், மனத்தை வெல்லும் கலை என்ற தலைப்புகளில் வெளியூர்ப் பேச்சாளர்கள் வந்து திரையில் படம் காட்டிப் பேசினார்கள். கைதட்டினோம், நினைவுப் பரிசு கொடுத்தோம், பணியாரம் சாப்பிட்டோம். மறுநாள் காலை ஷிப்டில் வருகைப் பதிவேட்டைத் திறக்கும்போது அந்த உரையில் ஒரு வரிகூடக் கைகொடுக்காது. பயிற்சி நிறுவனம் நடத்துபவர்கள் சிலருக்கு மேடை என்பது வாடிக்கையாளர் பிடிக்கும் இடமாகவும் இருந்தது. அது இன்றும் முழுமையாக நின்றுவிடவில்லை.

நிலைமை மாறியது ஒரு சின்ன ஏற்பாட்டினால்தான். புதிதாகப் பொறுப்பேற்ற செயலாளர், பஞ்சாலை ஒன்றில் நீண்ட காலம் தொழிலாளர் நல அலுவலராக இருந்தவர், சிறப்புரைக்கு முன் அரை மணி நேரத்தைக் கேள்விச் சீட்டுக்கு ஒதுக்கினார். உறுப்பினர்கள் தங்கள் ஆலையில் அந்த மாதம் எழுந்த சிக்கலைப் பெயர் குறிப்பிடாமல் எழுதிப் போட வேண்டும்; பதில் தெரிந்தவர் எழுந்து சொல்ல வேண்டும். 24 மாதங்களுக்குள் 480 நாள் வேலை செய்தவருக்கு நிரந்தரத் தகுதி அளிக்க வேண்டும் என்ற 1981ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டத்தைப் பற்றி நான் புத்தகத்தில் படித்தது கொஞ்சம். வேலை இல்லாததால் தற்காலிகமாக நிறுத்தி வைக்கும் லே-ஆஃப் நாட்களும் இடைக்கால நீக்கமும் அந்தக் கணக்கில் எப்படிச் சிக்கலாகின்றன என்று அந்த அரை மணி நேரங்களில் கேட்டறிந்ததுதான் அதிகம்.

ஆனால் கேட்டதையெல்லாம் அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதையும் அதே சீட்டுதான் எனக்குக் கற்பித்தது. 2017ஆம் ஆண்டு சனவரியில் இ.எஸ்.ஐ. எனப்படும் தொழிலாளர் அரசு காப்பீட்டுத் திட்டத்தின் சம்பள உச்சவரம்பு 21,000 ரூபாயாக உயர்ந்தது. அவ்வாண்டு சூனில் எங்கள் லேத் பிரிவுத் தொழிலாளர் ஒருவரின் சம்பளம் அந்த வரம்பைத் தாண்டியது. அந்த மாதத்திலிருந்தே பிடித்தத்தை நிறுத்திவிடலாம் என்று கூட்டத்தில் மூத்த உறுப்பினர் ஒருவர் உறுதியாகச் சொன்னதை நம்பி நிறுத்தினேன். உண்மையில், ஏப்ரலில் தொடங்கிய சந்தா காலம் செப்டம்பரில் முடியும்வரை அவர் திட்டத்திற்குள் இருந்தாக வேண்டும். மறு ஆண்டு பிப்ரவரியில் அவர் மூன்று வாரம் படுத்துவிட்டார். நோய்க்கால உதவித்தொகை பெற அந்தச் சந்தா காலத்தில் குறைந்தது 78 நாட்களுக்குச் சந்தா செலுத்தியிருக்க வேண்டும்; ஏப்ரல், மே இரண்டு மாதமும் சேர்ந்தால்கூட அந்த எண்ணிக்கை வராது. நிலுவையை ஆண்டுக்கு 12 சதவீத வட்டியுடன் கட்டினோம். அவருக்கு வர வேண்டிய தொகையை நிறுவனமே கொடுத்தது. தமிழ்நாட்டில் இ.எஸ்.ஐ. திட்டம் 1955இல் முதன்முதலாகத் தொடங்கப்பட்ட ஊரில் இருந்துகொண்டு இப்படிச் சறுக்கியது எனக்குப் பெரும் வெட்கம். அடுத்த கூட்டத்தில் அதைப் பெயர் போட்டே எழுதிக் கொடுத்தேன். எனக்கு ஆலோசனை சொன்னவர் சற்று முகம் சுளித்தார். ஆனால் அன்று முதல், பதில் சொல்பவர் சட்டப் பிரிவையோ சுற்றறிக்கையையோ குறிப்பிட வேண்டும் என்பது மன்றத்தில் வழக்கமாயிற்று.

2019 மார்ச் கூட்டத்தை இன்றும் மறக்க இயலவில்லை. எல்லோருக்கும் ஒரே சீராக வழங்கப்படும் சிறப்புப் படிகளும் வருங்கால வைப்பு நிதிக்கான (பி.எஃப்.) அடிப்படைச் சம்பளத்தில் சேரும் என்று உச்ச நீதிமன்றம் பிப்ரவரி 28 அன்று தீர்ப்பளித்திருந்தது. வழக்கமாக நாற்பது பேர் வரும் அரங்கில் அன்று நாற்காலி போதவில்லை. முன்பே முடிவு செய்திருந்த தலைப்போ மன அழுத்த மேலாண்மை! வந்திருந்த பேச்சாளர் நல்ல மனிதர். இருபது நிமிடத்தில் முடித்துக்கொண்டு தாமும் பார்வையாளர் வரிசையில் அமர்ந்துவிட்டார். ஒவ்வொருவரும் தங்கள் சம்பளப் பட்டியலின் மாதிரியைக் கையில் கொண்டுவந்திருந்தோம். வைப்பு நிதிக்கான அன்றைய 15,000 ரூபாய் வரம்புக்கு மேல் ஏற்கெனவே அடிப்படைச் சம்பளம் உள்ளவர்களுக்கு இதனால் மாற்றமில்லை, அதற்குக் கீழே அடிப்படையைக் குறைத்துப் படிகளை ஊதவைத்த இடங்களில்தான் சுமை என்பது தாளைப் பரப்பிப் பார்த்தபோது தெளிவானது. திங்கட்கிழமை என் இயக்குநரிடம் எண்களோடு பேச முடிந்தது.

ஊரடங்கு மாதங்களில் கூட்டம் ஜூமுக்கு மாறியது. முழு ஊதியம் வழங்க வேண்டும் என்ற 2020 மார்ச் 29ஆம் நாளின் மத்திய அரசு உத்தரவு, மே மாதத்தில் அது விலக்கப்பட்டது, சூனில் உச்ச நீதிமன்றம் இரு தரப்பும் பேசித் தீர்த்துக்கொள்ளச் சொன்னது என ஒவ்வொரு திருப்பத்திலும் வாரம் ஒருமுறை கூடினோம். 2021இல் நெருக்கடி தணிந்ததும் கேமராவை அணைத்துவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கத் தொடங்கினோம். அந்த ஓராண்டைப் பற்றிச் சொல்ல ஏதுமில்லை.

இத்தனை ஆண்டுகளில் மிகச் சிறந்த கூட்டம் எது என்று கேட்டால் 2023 ஏப்ரல் 28 என்பேன். பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழிவிடும் தொழிற்சாலைகள் திருத்த மசோதா ஒரு வாரத்துக்கு முன் சட்டமன்றத்தில் நிறைவேறி, எதிர்ப்புக்குப் பின் நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது. மே முதல் நாளன்று அது திரும்பப் பெறப்பட்டது. அந்த இடைவெளியில், மே தினத்தை ஒட்டி என்று காரணம் காட்டி, ஓய்வுபெற்ற தொழிற்சங்கத் தலைவர் ஒருவரைச் செயலாளர் அழைத்திருந்தார். அரங்கில் இருந்தவர்களில் சிலர் அவரோடு எதிரெதிரே அமர்ந்து தொழிலாளர் துறை அலுவலர் முன் சமரசமாகச் செய்யப்படும் 12(3) ஒப்பந்தங்களில் கையெழுத்திட்டவர்கள். வாரத்தில் நான்கு நாள் வேலை, மூன்று நாள் ஓய்வு என்று நாங்கள் சொன்னதைப் பொறுமையாகக் கேட்ட அவர், அன்னூரிலிருந்தும் சூலூரிலிருந்தும் கம்பெனிப் பேருந்தில் வருபவரின் பயண நேரத்தை அந்தப் பன்னிரண்டோடு கூட்டிப் பார்த்தீர்களா என்று மட்டும் கேட்டார். கூட்டிப் பார்த்தவர் ஒருவரும் இல்லை, நானும் உட்பட. தொழிலாளரைப் பற்றி மாதந்தோறும் பேசும் அவையில் தொழிலாளர் தரப்பு பேசியது, நான் சென்ற காலத்தில், அந்த ஒரே முறைதான். மன்றத்தின்மேல் எனக்குள்ள பெருங்குறை இதுவே. செயற்குழுவில் இருமுறை சொல்லிப் பார்த்தேன், உறுப்பினர்கள் மனம் விட்டுப் பேச மாட்டார்கள் என்ற பதிலே வந்தது.

பெண் உறுப்பினர்கள் குறைவு. இரவு ஒன்பதரைக்கு முடியும் கூட்டம் தங்களுக்கு ஒத்துவராது என்று அவர்கள் கேட்டுக்கொண்டதால் சனிக்கிழமை காலைக்கு மூன்று மாதம் மாற்றிப் பார்த்தோம். அன்று ஆலை இயங்குவதால் உற்பத்திப் பிரிவு சார்ந்தவர்கள் வரவில்லை. இப்போது மாலையிலேயே நடந்தாலும் எட்டேகாலுக்கு முடிந்துவிடுகிறது. ஆண்டுச் சந்தாவைப் பெரும்பாலான நிறுவனங்களே கட்டிவிடுகின்றன. இருபது முப்பது பேரை வைத்து நடத்தும் பட்டறைகளில் கணக்கையும் ஆட்களையும் ஒருவரே பார்ப்பதால், இந்தச் செய்திகள் மிகவும் தேவைப்படும் அவர்கள் வருவதே இல்லை.

பழைய மத்தியச் சட்டங்கள் பலவற்றை ஒன்றுசேர்த்த நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளைப் பற்றி 2020 முதல் எத்தனை உரை கேட்டிருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை. படங்கள்கூட மாறாத உரைகளும் அவற்றில் உண்டு. 2025 நவம்பர் 21 அன்று அவை நடைமுறைக்கு வந்ததாக அறிவிக்கப்பட்ட ஒரு வாரத்தில் எங்கள் கூட்டம் வந்தது. மொத்தச் சம்பளத்தில் படிகள் பாதிக்கு மேல் போனால் மிகுதி ஊதியமாகவே கொள்ளப்படும் என்பதால் பணிக்கொடைக்கு (கிராஜுவிட்டி) எவ்வளவு கூடுதலாக ஒதுக்க வேண்டும் என்று, 2019இல் செய்ததைப் போலவே, தாளைப் பரப்பி உட்கார்ந்தோம். அன்று நான் போட்ட சீட்டு வேறு: குறித்த கால ஒப்பந்தத்தில் சேர்பவர் ஓராண்டிலேயே பணிக்கொடைக்கு உரியவராகிறார், அவரது ஒப்பந்தம் இரண்டாம் ஆண்டும் நீண்டால், 480 நாள் சட்டத்தின்கீழ் அவர் நிரந்தரம் கோர முடியுமா? இரண்டு வழக்கறிஞர்கள் எழுந்தார்கள், இரண்டு விதமாகச் சொன்னார்கள், சட்டப் பிரிவைக் காட்டும்படி செயலாளர் கேட்டதும் இருவரும் அடுத்த மாதம் சொல்வதாக அமர்ந்துவிட்டார்கள். அந்தச் சீட்டு இன்னும் பெட்டியில்தான் இருக்கிறது.