பிரசவ அறையில் பக்கத்தில் யார்: அம்மையா, வீட்டுக்காரரா, டூலாவா?

வளைகாப்பு முடிந்து பிள்ளைத்தாச்சி தாய்வீட்டுக்கு வந்ததும் எந்த ஆஸ்பத்திரி, எந்த டாக்டர் என்று பேச்சு நடக்கும். வலி எடுத்த பிறகு விட்டு நகராமல் அவள் பக்கத்தில் நிற்கப்போவது யார் என்பதை மட்டும் யாரும் முன்கூட்டி முடிவு செய்வதில்லை. முதல் பிரசவத்தில் வலி 12 மணி நேரத்தைத் தாண்டுவது சாதாரணம். டாக்டர் வந்து பார்த்துவிட்டுப் போவார். நர்ஸுக்குப் பக்கத்துக் கட்டிலும் உண்டு. தொடர்ந்து ஒருவர் உடனிருந்தால் என்ன ஆகிறது என்று 26 ஆய்வுகளை, 15,858 பெண்களைச் சேர்த்துப் பார்த்தது மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி ஒப்பிடும் காக்ரேன் அமைப்பின் 2017ஆம் ஆண்டுத் தொகுப்பு. சிசேரியன் குறைகிறது, பிரசவ நேரம் சராசரியாக 40 நிமிடம் சுருங்குகிறது என்பது அதன் முடிவு. ஆகவே துணை வேண்டுமா என்பதில் சந்தேகமே இல்லை. யார் என்பதுதான் கேள்வி.

முதலில் பார்க்க வேண்டியது, யாரை உள்ளே விடுவார்கள் என்பதை. தமிழ்நாட்டு அரசு ஆஸ்பத்திரிகளில் பிரசவத் துணைத் திட்டம் 2004இலேயே வந்துவிட்டது. பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரி ஆனாலும், ஊர் ஆரம்ப சுகாதார நிலையம் ஆனாலும், துணை என்றால் பிள்ளை பெற்ற ஒரு பெண் உறவினர் என்பதே நடைமுறை. அடுத்தடுத்த கட்டிலில் வேறு பெண்கள் இருப்பதால் ஆண்களை விடுவது அரிது. தனி அறை உள்ள தனியார் ஆஸ்பத்திரியில் வீட்டுக்காரருக்கு இடம் கிடைக்கலாம். டூலாவை, அதாவது பிரசவத்தில் உடனிருந்து உதவப் பயிற்சி பெற்று, பணம் வாங்கிக்கொண்டு வரும் துணைப்பெண்ணை, விடுவார்களா என்பது அந்த டாக்டரின் விருப்பத்தைப் பொறுத்தது. ஏழாம் மாதச் செக்கப்பிலேயே கேட்டு, முடிந்தால் கேஸ் ஷீட்டில் எழுதச் சொல்லுங்கள். டாக்டர் சரி என்று சொல்லியிருந்தாலும், ராத்திரி டியூட்டி நர்ஸுக்கு அது தெரியாவிட்டால் வாசலிலேயே நிறுத்திவிடுவார்.

டூலா மருத்துவச்சி இல்லை. உள்பரிசோதனை செய்யமாட்டார், பிரஷர் பார்க்கமாட்டார், பிள்ளையை எடுக்கவும் மாட்டார். இந்தியாவில் டூலாவுக்கு அரசு உரிமம் என்று ஒன்றும் கிடையாது. இருப்பவை தனியார் சான்றிதழ்களே. அவரிடம் இருப்பது பல பிரசவங்களில் பழகிய கையும், பதறாத மனமும். பிள்ளையின் பின்மண்டை தாயின் முதுகெலும்பைப் பார்த்துத் திரும்பியிருந்தால் வலி முழுவதும் அடிமுதுகில் இறங்கும். அப்போது தாயை முட்டிபோட்டுக் கட்டிலில் சாயவைத்து, இடுப்புக்குக் கீழே உள்ள தட்டை எலும்பில் உள்ளங்கையின் அடிப்பகுதியை வைத்து, வலி ஏறும்போது அழுத்தி, இறங்கும் வரை எடுக்காமல் பிடிக்க வேண்டும். தடவிக்கொடுத்தால் போதாது, உடம்பின் எடையே கையில் இறங்க வேண்டும். ஒவ்வொரு வலிக்கும் ஒரு நிமிடம், மணிக்கணக்காக. பழக்கம் இல்லாதவருக்கு அரைமணி நேரத்தில் மணிக்கட்டு விட்டுப்போகும். கை மடங்காமல் நேராக வைத்துச் சாய்ந்தால் தாக்குப்பிடிக்கலாம். டூலா இதை யோசிக்காமலே செய்வார்.

அம்மைக்கும் பெரியம்மைக்கும் இருக்கும் பலம் வேறு. செலவில்லை, அனுமதி உண்டு, அந்தக் குரலுக்கே மகள் அடங்குவாள். சிக்கல் வருவது இரண்டு இடத்தில். ஒன்று, மகள் கத்துவதைப் பார்த்து இவர் அழத் தொடங்கிவிடுவார். இரண்டு, “இன்னுங் கொஞ்சம் முக்குட்டி” என்று சீக்கிரமே சொல்லத் தொடங்கிவிடுவார். கர்ப்பவாய் 10 சென்டிமீட்டர் முழுதாகத் திறக்கும் முன்னால் முக்கினால் வாய்ப்பகுதி வீங்கலாம், தாயும் களைத்துப்போவாள். உண்மையில் முக்க வேண்டிய நேரத்தில் தெம்பு இருக்காது. நர்ஸ் சொல்லும் வரை “ஊதித் தள்ளு தாயி” என்பது மட்டுமே அம்மையின் வாயில் வர வேண்டும். வயிற்றை மேலிருந்து அமுக்குவதும் கூடாது. அதை யார் செய்தாலும் ஆபத்துதான்.

இவை இரண்டும் சொல்லிக்கொடுத்தால் மாறக்கூடியவை. எட்டாம் மாதத்தில் இரண்டு மாலை உட்கார்ந்தால் போதும்: முதுகை அழுத்தும் விதம், இரண்டு மணிக்கு ஒருமுறை சிறுநீர் கழிக்க நினைவூட்டுவது, டாக்டர் தடுக்காதவரை கஞ்சித்தண்ணியோ இளநீரோ மடக்கு மடக்காகக் கொடுப்பது, மல்லாக்கப் படுக்கவிடாமல் இடப்பக்கம் திருப்பியோ நடக்கவோ வைப்பது. பிள்ளை பிறந்ததும் ஆச்சிமார் சேனை தொட்டுவைக்க வருவார்கள். சீனித்தண்ணி வேண்டாம், முதல் ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் என்று அவர்களிடம் தடுத்துச் சொல்ல அம்மையால்தான் முடியும். வெளியிலிருந்து வந்த டூலா சொன்னால் எடுபடாது.

வீட்டுக்காரரைப் பொறுத்தவரை, உள்ளே விட்டால் தலைமாட்டில் நிற்கட்டும், கையைப் பிடிக்கட்டும். முதுகு அழுத்த அவர் கைக்குத்தான் பலம் அதிகம். ரத்தம் கண்டால் மயங்குபவர் என்றால் வற்புறுத்தாதீர்கள். 108, ரத்தம், பணம், பிக்மி எண் (அரசின் கர்ப்பப் பதிவு எண்) உள்ள அட்டை எல்லாவற்றையும் வெளியிலிருந்து பார்த்துக்கொள்ளவும் ஒரு ஆள் கண்டிப்பாகத் தேவை.

டூலாவுக்குப் பணம் கட்டுமுன் தூரத்தைக் கணக்கிடுங்கள். டூலா மதுரையில் இருந்தால், அங்கிருந்து திருநெல்வேலிக்கு ஏறக்குறைய 160 கிலோமீட்டர். இரண்டாவது பிரசவம் என்றால் அவர் வந்து சேரும் முன் பிள்ளை பிறந்துவிடலாம். ஒரே நாளில் இரண்டு பேருக்கு வலி எடுத்தால் மாற்று யார், எத்தனை பிரசவத்தில் நேரில் நின்றிருக்கிறார், வலி தொடங்கியதும் வீட்டுக்கே வருவாரா என்று கேளுங்கள். வீடியோ காலில் மட்டும் வரும் டூலாவைப் பிரசவ நாளுக்காக நம்ப வேண்டாம், பல இடங்களில் பிரசவ அறையில் போனை அனுமதிக்கமாட்டார்கள். அவரை அம்மைக்குப் பயிற்சி கொடுக்க வையுங்கள், அந்தப் பணம் வீண்போகாது.

எங்கள் கணிப்பு இது: அரசு ஆஸ்பத்திரி என்றால் பயிற்சி பெற்ற பெரியம்மையோ அம்மையோ, இருவரில் அழாதவர். டாக்டர் சம்மதமும் ஒரு மணி நேரத் தூரத்துக்குள் டூலாவும் இருந்து, முதல் பிரசவமும் என்றால் டூலா. உதவ உறவில் ஆள் இல்லாதவர்களுக்கும் அவரே. தேதி குறித்த சிசேரியனுக்கு டூலா செலவு தேவையில்லை. அங்கே தையல் வலியோடு எழுந்து உட்காரவும் பிள்ளையை மார்பில் பிடித்து வைக்கவும் முதல் மூன்று நாள் ராத்திரி விழித்திருக்கும் ஆள்தான் வேண்டும், அதற்கு இரண்டு பேர் முறைபோட்டுக்கொள்ளுங்கள்.