காசிமேடு மீன் வறுவல் கடை: சரக்கு சுத்தம், கவனிப்பு சுமார்

துறைமுகத்தை ஒட்டிய இந்தக் கடையில் மீனைப் பார்த்து விலை பேசிவிட்டுத்தான் உட்கார வேண்டும். செவுளைத் தூக்கிக் காட்டச் சொன்னால் முகம் சுளிக்காமல் காட்டுகிறார்கள். நல்ல சிவப்பா இருந்தா எடுங்க. எடை போடுவது கழுவி வெட்டுவதற்கு முன்னால், வறுவல் கூலி தனி. இரண்டையும் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள், பில் வந்த பிறகு பேச்சு எடுபடாது.

வஞ்சிரத்தை அரை விரல் கனத்துக்கு வெட்டச் சொல்லுங்கள். தடிமனாகப் போனால் வெளியே மசாலா கருகும், முள்ளோரம் வேகாது. ஞாயிறு மதியம் கல்லில் இடைவெளியில்லாமல் அடுக்குகிறார்கள். சூடு இறங்கி, மீன் தண்ணி விட்டு, வறுவல் அவியலாகிவிடுகிறது. தண்ணீர் பாட்டிலுக்கே மூன்று தடவை கூப்பிடணும்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். அப்போது பெரிய மீன் பெரும்பாலும் ஐஸ் சரக்கு; தடையில்லாத சின்ன ஃபைபர் படகுல வர்ற நெத்திலி கேளுங்க.