புக்கிட் மெர்தாஜாமில் அன்னம்மாள் திருவிழா

மெல்பர்னில் ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிறேன். ஆனால் முடிந்ததும் அவரவர் காரில் ஏறிப் போய்விடுவோம். பக்கத்தில் உட்கார்ந்தவர் பெயர்கூடத் தெரியாது. நாளாக நாளாக ஜெபமே வறண்டுபோனது. அதனால்தான் பினாங்குப் பயணத்தை ஜூலைக் கடைசிக்கு வைத்துக்கொண்டேன். 26-ஆம் தேதி அங்கே புக்கிட் மெர்தாஜாமில் மரியாளின் தாயான புனித அன்னம்மாள் திருவிழா, அதற்கு முன் ஒன்பது நாள் ஜெபமான நவநாள்.

1846-இல் குன்றின் மேல் சிற்றாலயமாகத் தொடங்கிய இடம் இது. 1888-இல் கட்டிய பழைய கோவில் இன்றும் நிற்கிறது. 2002-இல் எழுந்த பெரிய கோவிலுக்கு 2019-இல் திருத்தந்தை அளிக்கும் பசிலிக்கா என்ற சிறப்புத் தகுதி கிடைத்தது. தமிழ், சீனம், ஆங்கிலம், மலாய் என நான்கு மொழியிலும் பூசை உண்டு. சிங்கப்பூர், தாய்லாந்து பங்குகளிலிருந்தும் பேருந்து பேருந்தாக வருகிறார்கள்.

தமிழ்ப் பூசைக்கு அத்தையோடு முன்னதாகவே போய்விட்டேன். மரத்தடியில் பாய் விரித்திருந்த ஒரு குடும்பம், "பசியாறியாச்சாம்மா? வாங்க, உட்காருங்க" என்று கூப்பிட்டது. பக்கத்து மாநிலமான கெடாவில் தோட்டத்து ஆட்கள். சம்பலும் அவித்த முட்டையும் வைத்த நாசி லெமாக் (தேங்காய்ப்பால் சோறு) பொட்டலம் ஒன்றைப் பிரித்து என் கையில் கொடுத்தார்கள். மறுக்க மனம் வரவில்லை.

அந்த வீட்டுப் பாட்டி மடியில் பள்ளிக்கூட நோட்டிலிருந்து கிழித்த ஒரு தாள். இரண்டு பக்கமும் பெயர்கள். டயாலிசிஸ் போகிற தம்பி, வேலை போன மருமகன், அப்புறம் பக்கத்து வீட்டு மாரியாயி. "அவங்க மாரியம்மன் கோயிலுக்குப் போறவங்கதான். ஆனா எனக்காக மெழுகுவத்தி ஏத்திட்டு வான்னு காசு கொடுத்து விட்டாங்க" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "உன் பிள்ளைங்க பேரு என்னம்மா?" என்று கேட்டு, பேரனிடம் சொல்லி எழுதிக்கொண்டார்.

பூசையில் மன்றாட்டு நேரம் வந்ததும் அந்தத் தாளை நெஞ்சோடு பிடித்தபடி நின்றார். முன்பின் தெரியாத ஒருவர் என் பிள்ளைகளுக்காக வேண்டுகிறார்! எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு அன்றுதான் நானும் மனம் திறந்து ஜெபித்தேன். மறையுரையும் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் என்னை அசைத்தது அந்தத் தாள்தான்.

போக நினைப்பவர்களுக்கு: திருவிழா நாளில் கார் நிறுத்த இடம் கிடைப்பது பெரும்பாடு. ஜார்ஜ்டவுனிலிருந்து ஃபெரியில் பட்டர்வொர்த் போய், கொம்யூட்டர் ரயிலில் புக்கிட் மெர்தாஜாமில் இறங்கிக்கொள்ளலாம். கூட்டம் ஆகாத முதியவர்களை நவநாளின் தொடக்க நாட்களில் அழைத்துப் போங்கள். ஆலய வளாகத்து ஊற்றுத் தண்ணீர் பிடிக்க போத்தல் மறக்க வேண்டாம்.