ஆடியோவாக்ஸ் சிசிஎஸ்-100: பைக்கில் மாட்டினால் எங்கே மக்கர் பண்ணும்?

த்ராட்டிலைப் பிடிக்காமலே வண்டியை ஒரே வேகத்தில் ஓட்டும் குரூஸ் கண்ட்ரோல் கிட் இது. கார்களுக்கென வந்தது; எஞ்சின் உறிஞ்சும் இழுவையில் (வாக்குவம்) இயங்கும். கேபிள் த்ராட்டில் உள்ள பைக்குகளில் மாட்டலாம். கேபிளே இல்லாமல் மின் சிக்னலில் த்ராட்டில் திறக்கும் ரைடு-பை-வயர் வண்டிக்கு ஆகாது. உற்பத்தி நின்றுவிட்டது, பழைய ஸ்டாக்கோ கழற்றிய பொருளோதான் கைக்கு வரும். திருமங்கலம் தாண்டி விருதுநகர், கோவில்பட்டி என்று நாலுவழிச் சாலையில் நீளமாகப் போகிறவர்களின் வலது மணிக்கட்டுக்குப் பெரிய ஆறுதல். ஆனால் "ஒரு நாள் பிடிக்குது, ஒரு நாள் பிடிக்கல" என்ற புகாரும் கூடவே வரும். பெரும்பாலும் பெட்டியில் பழுது இருக்காது, மாட்டிய விதத்தில் இருக்கும்.

முதலில் ஊதா வயர். பிரேக் லைட் வயரோடு சேர வேண்டியது இது. பிரேக் பிடிக்காத நேரத்தில் பல்பின் இழை வழியாக இதற்கு எர்த் கிடைத்தால்தான் வேகத்தைப் பூட்டும் செட் பட்டன் வேலை செய்யும். சாதா 21 வாட் பல்பு என்றால் சிக்கலே இல்லை. எல்இடி என்றால் அந்த எர்த் ஒழுங்காகக் கிடைக்காது; பல்பு பியூஸ் போனாலும் அப்படித்தான். இக்னிஷனை அணைத்துவிட்டு ஊதா வயருக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் இடையே மல்டிமீட்டரை வையுங்கள். ஓரிரு ஓம் காட்டினால் சரி. இல்லையென்றால் ஐந்து பின் 12 வோல்ட் ரிலே ஒன்று போதும் (எண்கள் ரிலேயின் பின்களில் பொறித்திருக்கும்): 86-லும் 87-லும் பிரேக் லைட் வயர், 85-லும் 87ஏ-விலும் எர்த், 30-ல் ஊதா. 87-ஐயும் 87ஏ-வையும் மாற்றிவிடாதீர்கள். கை பிரேக், கால் பிரேக் இரண்டுக்கும் லைட் எரிகிறதா என்று கட்டாயம் பாருங்கள். முன் பிரேக் ஸ்விட்ச் செத்துக் கிடக்கும் வண்டிகள் நிறைய; அதில் குரூஸ் விடுபடாது.

அடுத்தது வாக்குவம். த்ராட்டில் திறக்கத் திறக்க மேனிஃபோல்டில் (எஞ்சினுக்குள் காற்று போகும் குழாய்) இழுவை குறையும். அதனால்தான் சமதளத்தில் ஒழுங்காக ஓடுவது ஆண்டிபட்டி கணவாய் ஏறும்போதும், கயத்தாறு பக்கம் எதிர்காற்றிலும் கைவிடுகிறது. புல்லட் போன்ற ஒற்றை சிலிண்டரில் இழுவை விட்டுவிட்டுத்தான் வரும், ஆகவே சேமிப்புத் தொட்டி இல்லாமல் மாட்டவே கூடாது. 75 மி.மீ. பிவிசி குழாயில் 25 செ.மீ. வெட்டி இரு பக்கமும் மூடி ஒட்டினால் கிட்டத்தட்ட ஒரு லிட்டர் தொட்டி. சைலன்சர் சூட்டுக்கு எட்டாமல் சைடு பேனலுக்குள் வையுங்கள். எஞ்சினுக்கும் தொட்டிக்கும் நடுவே ஒருவழி வால்வு வேண்டும். மீன்தொட்டி வால்வு பெட்ரோல் ஆவியில் இறுகிப்போகும். கார் பிரேக் பூஸ்டர் வால்வுதான் நிற்கும். சோதனை எளிது: த்ராட்டிலை இழுக்கும் பெட்டியான சர்வோவுக்குப் போகும் குழாயைக் கழற்றி, அந்தக் குழாயின் வாயில் போல்ட்டைச் செருகுங்கள். எஞ்சினை ஒரு நிமிடம் ஓடவிட்டு அணைத்து, ஐந்து நிமிடம் கழித்து போல்ட்டை உருவினால் புஸ்ஸென்று காற்று உள்ளே போக வேண்டும். சத்தமே இல்லையென்றால் எங்கோ கசிகிறது. மெல்லிய பெட்ரோல் ஹோஸ் போட்டிருந்தால் அதைத்தான் முதலில் சந்தேகப்படுங்கள்.

வேகம் ஏறி ஏறி இறங்கினால், சர்வோவையும் த்ராட்டிலையும் இணைக்கும் மணிச்சங்கிலியில் தளர்வு அதிகம், அல்லது சர்வோவின் டிப் ஸ்விட்சில் (அமைப்பை மாற்றும் குட்டி ஸ்விட்ச்) உணர்திறன் கூடுதலாக இருக்கிறது. 2–3 மி.மீ. தளர்வு போதும். ஐடில் ஏறினால் அதிகம் இறுக்கிவிட்டீர்கள்.

சட்டென்று அறுபட்டால் சிக்னல் வயர்களைப் பாருங்கள்: சாம்பல் ஸ்பீடு சென்சாருக்கு, நீலம் இக்னிஷன் காயிலுக்கு. ரெசிஸ்டர் இல்லாத ஸ்பார்க் பிளக் சிக்னலைக் கெடுக்கும். நீல வயரை வெட்டி விட்டுவிடாதீர்கள். கிளட்ச் பிடித்ததும் எஞ்சின் அலறாமல் காப்பது அதுதான்.

இரட்டை சிலிண்டர் வண்டிக்குத் தாராளமாக வாங்கலாம். ஒற்றை சிலிண்டருக்கு, தொட்டி செய்யப் பொறுமை இருந்தால் மட்டும். மாட்டியதும் மதுரை ரிங் ரோட்டில் சோதிக்க வேண்டாம், குறுக்கே வண்டி வரும். மேலூர் தாண்டிய வெறிச்சோடிய நீட்டத்தில் 60-ல் செட் செய்து, கை பிரேக், கால் பிரேக், கிளட்ச், கில் ஸ்விட்ச் என்று ஒவ்வொன்றாக விடுபடுகிறதா பாருங்கள். கில் ஸ்விட்ச் அணைத்தும் கிட்டில் கரண்ட் இருந்தால், கிட்டுக்குக் கரண்ட் தரும் வயரை அந்த ஸ்விட்சுக்குப் பின்னால் இருந்து எடுங்கள்.